கேட்க ஆளில்லாத பிராணி



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘ஓய்வுபெற்ற தணிக்கையாளர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிராணிக் காப்பகத்தைப் பற்றிப் பேசத் தணிக்கைக்காரன் எதற்கு என்று பின்வரிசையில் யாரோ கேட்டது என் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். நான் நாய் வளர்த்தவன் அல்லன். வீட்டில் பூனை நுழைந்தால்கூட என் மனைவிக்குத் தும்மல் வந்துவிடும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முப்பத்திரண்டு ஆண்டுகள், ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று மாறிமாறி, அடுத்தவர் எழுதிய கணக்கைப் படித்தேன். அந்தக் கணக்குகளுக்கு நடுவில் மாடுகளும் நாய்களும் வந்து போயின. எனக்குத் தெரிந்த பிராணிகள் பதிவேட்டில் இருந்தவை மட்டுமே.

இப்படி ஒரு தலைப்பை மனுநீதிச் சோழனிடமிருந்து தொடங்குவது நம் மேடை வழக்கம். அதை விட்டுவிடுகிறேன். எல்லாப் பிராணிக்கும் மணியை இழுக்கத் தெரிந்திருந்தால் என் துறைக்கே வேலை இருந்திருக்காது. நான் எங்கள் ஊர்ப் பவுண்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஊராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால் இடுப்பளவு கல்சுவர், ஒரு மரப்படல், உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் பவுண்டு. அரசுத் தமிழில் கொண்டித்தொழு. கட்டுக்கு அடங்காமல் அடுத்தவன் வயலில் வாய் வைக்கும் மாட்டைக் கொண்டி மாடு என்பார்கள். அதை அடைக்கும் தொழுவம் கொண்டித்தொழு. என் பெரியப்பாவின் காளை ஒருமுறை அங்கே போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். பவுண்டுக்காரர் காளையைக் காட்டவில்லை. முதலில் நீளமான ஒரு நோட்டைப் பிரித்தார். “எந்த மாடு? என்ன நிறம்?” என்றார். “செவலை. நெத்தியில வெள்ளைச் சுட்டி” என்றார் பெரியப்பா. பவுண்டுக்காரர் விரலை வரிவரியாக ஓட்டினார், ஓரிடத்தில் நிறுத்தினார், அபராதத்தையும் தீனிச் செலவையும் கூட்டிச் சொன்னார். பணம் கை மாறியது. ரசீது வந்தது. அதற்குப் பிறகுதான் படல் திறந்தது.

பிற்காலத்தில் வேலைக்கு வந்து 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தைப் படித்தபோது அந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. அந்த ஆண்டு இயற்றப்பட்ட முதல் சட்டமே அதுதான். வெள்ளைக்காரன் மாட்டின்மேல் இரக்கப்பட்டு அதை எழுதவில்லை. பயிரைக் காக்கவும் அபராதம் வசூலிக்கவும் எழுதினான். ஆனாலும் அதன் உள்கட்டு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எந்த மாடு, என்ன அடையாளம், எந்த நாள், எந்த மணி, பிடித்துவந்தவர் யார், சொந்தக்காரர் யார் என்று எழுத வேண்டும். தீனியும் தண்ணீரும் பவுண்டுக்காரர் பொறுப்பு. ஏழு நாளில் யாரும் வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; ஊரிலும் பக்கத்துச் சந்தையிலும் தமுக்கு அடித்து அறிவிக்க வேண்டும்; அதற்கும் ஏழு நாள் கழித்தே ஏலம். ஏலத்தில் கிடைத்த பணத்தில் செலவு போக மிஞ்சியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும், சொந்தக்காரன் அப்போதாவது வருவானா என்று. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பிரிவு: பவுண்டுக்காரரோ காவல் அதிகாரியோ அந்த ஏலத்தில் நேராகவும் மறைமுகமாகவும் மாட்டை வாங்கக் கூடாது.

மாட்டை யார் கையில் கொடுக்கிறோமோ, அந்தக் கையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இத்தனை பிரிவுகளும் உயிரோடு இருந்ததற்குக் காரணம் வேறு. என் பெரியப்பா வந்து கேட்டார். அதுதான் காரணம். காளை இளைத்திருந்தால் அவர் சண்டை பிடிப்பார். காணாமல் போயிருந்தால் தாசில்தாரிடம் போவார். பதிவேட்டை ஒழுங்காக எழுத வைத்தது சட்டமோ என் துறையோ அல்ல, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்ற அந்த மனிதர்தான்.

இப்போது நாய்க்கு வருகிறேன். தெருநாய்க்குப் பெரியப்பா கிடையாது.

சென்னை மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. என் வயதுக்காரர்களுக்கு நாய் வண்டி நினைவிருக்கும். கொன்ற எண்ணிக்கை எவ்வளவு பெருகியது என்றால், எழுபதுகளின் இறுதியில் இங்கிருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த் தோலில் கழுத்துப்பட்டையும் பணப்பையும் வடிவமைத்துப் பார்த்தது என்று சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை, விமானி வி. சுந்தரம், 1959இல் தம் குடும்பத்தோடு சேர்ந்து தொடங்கியதுதான் புளூ கிராஸ் என்ற பிராணிநல அமைப்பு. கொல்வதால் நாய் குறைவதில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று அவர்கள் 1964 முதல் சொல்லிவந்தார்கள். மாநகராட்சி 1996இல் ஒப்புக்கொண்டது. 2001இல் அதுவே நாடு முழுவதற்கும் மத்திய அரசின் விதியானது. 2023இல் பழைய விதிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கொண்டுவந்தார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாற்றமும் இதில் நடந்தது. கொன்ற காலத்தில் மாநகராட்சியே பிடித்தது, மாநகராட்சியே கொன்றது. பழியும் அதன் தலையில்தான் விழுந்தது. கருத்தடைக் காலத்தில் பல ஊர்களில் வேலை ஒப்பந்தத்துக்குப் போயிற்று. தொண்டு அமைப்பு செய்யும், நகராட்சி பணம் கொடுக்கும், கண்காணிக்கும். கண்காணிப்பு என்ற சொல் கோப்புக்குள் நுழைந்தது அப்போதுதான். தானே செய்யும் வேலையை யாரும் ‘கண்காணிக்கிறேன்’ என்று சொல்வதில்லை அல்லவா.

2023 விதிகளின்படி உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவுக்கு ஆணையரோ உள்ளாட்சியின் தலைமை அலுவலரோ தலைவர். சுகாதாரத் துறை, கால்நடைத் துறை, வதைத் தடுப்புச் சங்கம் ஆகியவற்றிலிருந்து ஆள் உண்டு. அந்த ஊரில் செயல்படும் பிராணிநல அமைப்புகளின் பிரதிநிதிகளும் உண்டு. பெருநகரமானால் பத்து அமைப்பு இருக்கும், இருவரைப் பொறுக்கலாம். சிறு நகராட்சியில் இருப்பதே ஓர் அமைப்பு. ஒப்பந்தம் எடுத்ததும் அதுதான். குழுவில் உட்கார்ந்து ‘வேலை திருப்தி’ என்று கையெழுத்துப் போடுவதும் அதுதான். 1871இன் பவுண்டுக்காரர் ஏலத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடந்ததற்குச் சான்று என்ன என்று கேட்பீர்கள். நாய் திரும்பத் தெருவுக்குப் போய்விடும். காதில் ஒரு வெட்டு அடையாளம் இருக்கும். அதை யார் துரத்திப் பிடித்து எண்ணுவது? ஆகவே அறுவையில் எடுத்த உறுப்புகளை ஃபார்மலினில் போட்டு வைக்க வேண்டும். குழு வந்து எண்ணிப் பார்த்த பிறகே அழிக்கலாம். அந்த எண்ணிக்கைதான் பில். பாலத்துக்கு அளவுப் புத்தகம் என்றால் நாய்க்கு ஃபார்மலின் ஜாடி. கேட்க அருவருப்பாக இருக்கிறது. கணக்குக்காரன் கண்ணுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜாடி ஒன்றைச் சொல்லும், ஒன்றைச் சொல்லாது. ஒரு நாய்க்கு அறுவை நடந்தது என்று சொல்லும். அந்த நாய் பிழைத்ததா என்று சொல்லாது. செத்த நாயின் உறுப்பும் ஜாடியில் ஒன்றுதான்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு நகராட்சியில் தணிக்கைக்குப் போனபோது நாய்க் கருத்தடை மையத்தின் பில்கள் வந்தன. நாய் ஒன்றுக்கு 1,650 ரூபாய் என்ற அந்தக் காலத்து விகிதம்: சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் 1,450, பிடிக்கவும் திரும்ப விடவும் 200. ஜாடி எண்ணிக்கைக்குக் கையெழுத்து இருந்தது. வவுச்சர் இருந்தது. ஒரு குறையும் இல்லை. ஒரு மாதத்தில் 412 நாய்.

எனக்கு உறுத்தியது 412 அல்ல. இருப்புப் பதிவேட்டில் வேறு எதற்கோ புரட்டும்போது ‘இரும்புக் கூண்டு 40’ என்ற வரி கண்ணில் பட்டது. ஒரு காகிதத்தை எடுத்தேன். பிடித்த அன்று ஒரு நாள், அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆக ஐந்து நாள். மாதம் முப்பது நாளில் ஒரு கூண்டு ஆறு நாயைத்தான் பார்க்கும். நாற்பது கூண்டுக்கு 240. மீதி 172 நாய்கள் எங்கே படுத்திருந்தன?

மூன்று பதில்தான் உண்டு. ஒரு கூண்டில் இரண்டு நாயை அடைத்திருக்கலாம். தையல் போட்ட நாய்கள் இரண்டைச் சேர்த்து அடைத்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அல்லது நான்காம் நாள் விட வேண்டியதை இரண்டாம் நாளே விட்டிருக்கலாம். புண் ஆறாத நாய் குப்பைமேட்டில் போய்ப் படுத்திருக்கும். அல்லது அந்த நாய்கள் காகிதத்தில் மட்டும் குரைத்தவை. மூன்றாவது உண்மையாக இருந்தால் பணம்தான் நட்டம். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தணிக்கைக்காரனாக நான் மோசடியையே வேண்டிக்கொண்ட ஒரே சமயம் அதுதான்.

பிடித்த பதிவேட்டை வரவழைத்தேன். தேதி, பிடித்த இடம், பால், நிறம், விட்ட இடம், கடைசியாகக் குறிப்பு. நிறப் பத்தியில் செவலை, கறுப்பு, செவலை, வெள்ளை, செவலை. விட்ட இடம் என்ற பத்தியில் முதல் வரியில் மட்டும் தெருப்பெயர். அதற்குக் கீழே ௸, ௸, ௸. மேற்படி என்பதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த அந்தக் குறியைப் போல அலுவலகத்துக்கு உதவிய எழுத்து தமிழில் வேறில்லை. ஒரு பக்கம் முழுக்க மேற்படி. அந்த மாதம் நானூறு நாயும் ஒரே தெருவில் இறக்கிவிடப்பட்டிருந்தால் அந்தத் தெருவாசிகள் நகராட்சியைக் கொளுத்தியிருப்பார்கள். குறிப்பு என்ற கடைசிப் பத்தி காலி. நோயில் செத்தது, தப்பி ஓடியது, தத்துக் கொடுத்தது, ஒன்றும் இல்லை. 412 நாயில் ஒன்றுகூடச் சாகவில்லை. எந்த அரசு மருத்துவமனைக்கும் கிடைக்காத பேறு.

தணிக்கைத் தடை எழுதினேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘நாய்கள் நல்ல உடல்நலத்துடன் இருந்தபடியால் விரைவில் குணமடைந்தன.’

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். பிறகுதான் ஒன்று தோன்றியது: நான் அந்த மையத்துக்கு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பத்து நாள் கணக்குப் பார்த்தேன், ஒருநாளும் அங்கே போகவில்லை. என் வேலை காகிதம். கூண்டைக் காகிதத்தில் எண்ணினேன்.

இன்னொரு வகைக் காப்பகத்தைப் பற்றியும் பேச வேண்டும். இது ஒப்பந்தம் எடுத்து நடத்துவது அல்ல. யாரோ ஒருவர், பெரும்பாலும் ஓர் அம்மையார், அடிபட்ட நாய் ஒன்றைத் தூக்கிவந்ததில் தொடங்குவது. நகரத்துக்குள் வாடகைக்கு இடம் தர மாட்டார்கள். ஆகவே நகர எல்லையைத் தாண்டி, ஊராட்சிப் பகுதியில், ஏரிக்கரை ஓரமாகவோ கல்குவாரிப் பக்கமோ இடம் பிடிப்பார்கள். நகரத்து நாய், நகரத்து நன்கொடை, ஊராட்சி மண்.

இதில் சட்டத்தின் வரைபடம் ஒன்று இருக்கிறது. அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளுக்கு உரிய பதினெட்டு வேலைகளைச் சொல்வது, பதினைந்தாவதாகக் கொண்டித்தொழுவையும் பிராணி வதைத் தடுப்பையும் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் சுடுகாடு, பின்னால் பிறப்பு இறப்புப் பதிவு. பொருத்தமான இடம்தான். ஆனால் ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையில் இருபத்தொன்பது வேலைகள் இருந்தும் இது இல்லை. கால்நடை வளர்ப்பு இருக்கிறது, பால் இருக்கிறது, கோழி இருக்கிறது. பயன் தரும் பிராணி ஊராட்சிக்கு, பயன் தராத பிராணி நகராட்சிக்கு என்று யாரோ பிரித்ததுபோல. நடப்பில் பயன் தராத பிராணிகள் எல்லாம் ஊராட்சி எல்லைக்குள்தான் போய்ச் சேர்கின்றன.

அப்படி ஒரு காப்பகத்துக்கு நான் போகக் காரணம் நாய் அல்ல, குத்தகைப் பாக்கி. ஊராட்சி இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். ஊராட்சிக் கோப்பில் குத்தகைப் பத்திரம் இருந்தது. குரைப்புச் சத்தம் தாங்கவில்லை என்று பதினான்கு மனுக்கள் இருந்தன. நாற்றம் என்று ஒரு மனு. உள்ளே எத்தனை பிராணிகள் இருக்கின்றன என்று ஒரு வரி இல்லை. நம் உள்ளாட்சிக் கண்காணிப்புக்குக் காதும் மூக்கும் உண்டு, கண் கிடையாது என்று அன்று குறித்துவைத்தேன்.

அந்த அம்மையாரை எனக்குப் பிடித்திருந்தது; அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது நாய்க்குக் கட்டிய கொட்டகையில் நூற்றெண்பது இருந்தன. குட்டிகளுக்குப் பார்வோ என்ற தொற்றுநோய் வந்து அந்த வாரம் தினமும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வரும் குட்டியைத் தனியே பிரித்து வைக்க ஓர் அறை வேண்டும். அந்த அறையிலும் நாய்கள் இருந்தன. “வேணாம்னு சொல்லலாமேம்மா” என்றேன். “சொன்னா ராத்திரியில கேட்ல கட்டிப்போட்டுட்டுப் போயிடறாங்க சார். நகராட்சி ஆளுங்களே ஒரு தடவை வண்டியில கொண்டுவந்து இறக்கிட்டுப் போனாங்க. நான் என்ன பண்ண?” என்றார்.

கண்காணிக்க வேண்டிய அலுவலகமே இரவில் கேட்டில் கட்டிவிட்டுப் போகிறது. இந்தப் பெண்மணிமீது ஒருநாள் வழக்குப் போடுவார்கள், மூச்சுமுட்ட நாய்களை அடைத்துவைத்ததற்காக. வழக்குப் போட்டாலும் 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. இன்றும் அதே தொகைதான். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, நேரு அரசு தானே சட்டம் செய்வதாக வாக்களித்ததால் பின்வாங்கிக்கொண்டு, அதன் பயனாக வந்த சட்டம் அது. அன்று ஐம்பது ரூபாய் ஒரு தொகை. அவர் தலைமையில் 1962இல் அமைந்த பிராணிநல வாரியம் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்னையிலிருந்தே இயங்கியது. 2018இல் அரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. கருத்தடைத் திட்டம் நடத்த நம் ஊர் அமைப்பு அங்கீகாரத்துக்கு இப்போது அங்கேதான் எழுத வேண்டும்.

அங்கீகாரம் என்பதும் இருபக்கம் கூர். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற சுயஉதவிக் குழுக்களின் பெண்களே உள்ளாட்சிகளோடு சேர்ந்து நாய்க் கருத்தடையை நடத்தினார்கள். வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்று 2021 இறுதியில் உயர்நீதிமன்றம் நிறுத்தியது. தகுதியில்லாத கையில் கத்தி இருக்கக் கூடாது என்பது சரி. ஆனால் நிறுத்திய இடத்தில் அடுத்த கை தயாராக இல்லை. மறு ஆண்டே அந்த மாநிலம் நாய்க்கடிச் செய்திகளால் நிறைந்தது. மூடுவது கண்காணிப்பின் எளிய பாதி. மூடிய பிறகு அந்த நூற்றெண்பது நாய்களை எங்கே கொண்டுபோவது என்பது மறு பாதி. அதற்கு எந்த ஊராட்சியிலும் கோப்பு கிடையாது.

இப்போது கணக்கு இன்னும் பெரிதாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில், ஆகஸ்ட் 22 அன்று, பெரிய அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம். நவம்பர் 7 அன்று இன்னோர் ஆணை: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிபடும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும், உள்ளாட்சிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த வளாகங்களைப் பார்வையிட வேண்டும்.

பள்ளியில் நாய் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. வெறிநோய் கண்ட குழந்தையை ஒருமுறை பார்த்தவர் இதில் வாதம் செய்யமாட்டார். பார்வையிடச் சொன்னது எதை என்று மட்டும் கவனியுங்கள்: நாய் பிடித்த வளாகத்தை. நாய் போய்ச்சேர்ந்த காப்பகத்தின் கதவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் தட்டுவது?

என் நாற்பது கூண்டுக்குத் திரும்புகிறேன். ஐந்து நாளுக்கு ஒரு நாய் என்று கட்டிய கூண்டு அது. உள்ளே போன நாய் வெளியே வராது என்றால் மாதம் 240 நாய் பார்த்த மையம் ஐந்தாம் நாளில் நிரம்பிவிடும், அப்புறம் பத்தாண்டுக்குக் கதவு திறக்காது. ஒரு நாய்க்குச் சாப்பாடு, மருந்து, ஆள் கூலி எல்லாம் சேர்த்து நாளுக்கு 50 ரூபாய் என்று மிகச் சிக்கனமாகவே போடுங்கள். ஆண்டுக்கு 18,250. பத்தாண்டு உயிரோடு இருந்தால் 1,82,500. கருத்தடைக்குக் கொடுத்த 1,650 ரூபாயைப் போல நூற்றுப் பத்து மடங்கு. எந்த உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் இந்தத் தலைப்பு இருக்கிறது? பணம் ஒதுக்காமல் அடைக்கச் சொன்னால் இந்தக் கணக்கை நேர்செய்ய ஒரே வழிதான் உண்டு: அந்தப் பத்து ஆண்டைக் குறைப்பது. அதை யாரும் ஆணையாகப் போடமாட்டார்கள். கொட்டகையில் பார்வோவும் டிஸ்டம்பரும் பட்டினியும் பார்த்துக்கொள்ளும். குறிப்புப் பத்தி காலியாக இருக்கும்.

அடைக்க வேண்டிய நாய் எத்தனை என்ற கணக்கும் நிலையாக இல்லை. சென்னையில் 2018இல் எண்ணியபோது தெருநாய்கள் ஏறத்தாழ 57 ஆயிரம். 2024இல் எண்ணியபோது ஏறத்தாழ 1 லட்சத்து 81 ஆயிரம். ஆறு ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல். நாய் பெருகியதா, எண்ணிய முறை மாறியதா, இடையில் போட்ட கருத்தடைக் கணக்கெல்லாம் என்னவாயிற்று என்று ஒரு மாமன்றம் முழுநாள் விவாதிக்கத் தகுந்த வித்தியாசம் இது. 

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்குத் திட்டம் தீட்டத் தெரியாது, பத்தி சேர்க்கத் தெரியும். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் தெருநாய்க்கென ஓர் அலுவலர் உண்டு. பிடித்த நாயை ஏழு நாள் வைத்திருக்க வேண்டும். பிடித்த நாய்களின் பதிவேட்டைக் காசு வாங்காமல் பொதுமக்கள் யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். இந்த மூன்றாவதுதான் எனக்கு வேண்டும். அங்கேயும் எல்லா நாய்க்கும் சொந்தக்காரன் இல்லை. சொந்தக்காரன் இல்லாத இடத்தில் ஊரில் உள்ள எவனையும் சொந்தக்காரனாக்கி, வந்து நோட்டைப் பிரித்துப் பார் என்று சட்டம் சொல்கிறது. நம் 2023 விதிகளில் மையத்தில் கேமரா வேண்டும், பதிவை முப்பது நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. நல்லது. ஆனால் பூட்டிய அறைக்குள் ஓடும் கேமராவைவிடத் திறந்த மேசைமேல் கிடக்கும் நோட்டுக்கு வலு அதிகம்.

அந்த நோட்டில் கூண்டு எண் இருக்க வேண்டும். அன்றைய கூண்டு எண்ணிக்கை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதப்பட வேண்டும், நான் பட்ட பாட்டை அடுத்தவர் படாமல் இருக்க. விட்ட இடத்தில் மேற்படிக் குறி போடக் கூடாது. கடைசிப் பத்தி காலியாக இருந்தால் அந்த நாய்க்குப் பணம் கிடையாது. செத்தது என்று எழுதினால் பணம் உண்டு. செத்ததற்குப் பணத்தைப் பிடித்தால் யாரும் செத்ததை எழுதமாட்டார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை ஏற்கப் பிராணி ஆர்வலர்களுக்கு மனம் வராது. முப்பத்திரண்டு ஆண்டு பொய்க் கணக்குகளைப் படித்ததில் நான் கற்றது அது ஒன்றுதான்: தண்டனைக்குப் பயந்தவன் எழுதும் பதிவேட்டில் யாரும் சாவதில்லை. அலட்சியத்தால் செத்ததா என்பதைப் பிறகு விசாரிக்கலாம். முதலில் செத்தது என்றாவது தெரிய வேண்டும். காப்பகம் நிரம்பிவிட்டால் ‘இடமில்லை’ என்று பலகை தொங்கவிடும் உரிமை அந்த அம்மையாருக்கு வேண்டும். அந்தப் பலகை தொங்கும் நாளிலிருந்து அடுத்து வரும் நாய் ஆணையரின் நாய்.

அந்த 172 நாய்களைப் பற்றிய தணிக்கைப் பத்தி நான் ஓய்வுபெறும்வரை முடிவுக்கு வரவில்லை. ‘நிலுவை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓய்வுபெற்ற மறு ஆண்டு ஒரு கல்யாணத்துக்காக அதே ஊருக்குப் போக நேர்ந்தது. முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டபின் பொழுது மிஞ்சியது. ஆட்டோ பிடித்து அந்த மையத்துக்குப் போனேன். பேருந்துப் பணிமனையைத் தாண்டி, குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில். இரும்புக் கேட்டு, பூட்டு, உள்ளே குரைப்புச் சத்தம். என்னிடம் இப்போது கடிதம் இல்லை, பதவி இல்லை, கையில் இருந்தது தாம்பூலப் பை. காவலாளி கேட்டுக்குப் பின்னால் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நாய் ஏதும் காணாமப் போச்சா சார்?” என்றார்.

ஆமாம் என்றேன்.

பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “என்ன கலர்?” என்றார்.

“செவலை” என்றேன்.